'ப்ரூவ்' என்று எழுதுவதற்கு முன்

ஆய்வுக் கட்டுரைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலையில் நான் அதிகம் அடித்து நீக்கும் சொல் எதுவென்றால், 'ப்ரூவ்' (நிறுவுதல்) என்றுதான் சொல்வேன். அண்மையில் வந்த ஒரு கட்டுரையில், ஒரே வயலில், ஒரே பருவத்தில், 12 பாத்திகளில் உயிர் உரம் இட்டுப் பார்த்துவிட்டு, அவ்வுரம் நெல் விளைச்சலைக் கூட்டும் என்பதைத் தங்கள் ஆய்வு 'ப்ரூவ்' செய்வதாக முடித்திருந்தார்கள். நான் அதை 'சஜஸ்ட்' (இப்படி இருக்கலாம் எனச் சுட்டுதல்) என்று மாற்றினேன். எழுதிய மாணவருக்கு வருத்தம். அவருடைய உழைப்பையே நான் ஐயப்படுவதாக எண்ணிவிட்டார்.

ஐயுறுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஐயத்துக்கே இடமின்றி நிறுவுவது கணிதத்தில் நடக்கும். வயலிலும் ஆய்வகத்திலும் நமக்குக் கிடைப்பவை சான்றுகள்தாம், அவற்றின் வலுவுக்கு ஏற்பத்தான் வினைச்சொல்லும் ஏறி இறங்க வேண்டும். சான்று ஒரு பக்கம் சாய்ந்தாலும் வேறு விளக்கத்துக்கு இடமிருக்கிறது என்றால் 'சஜஸ்ட்'. அதைவிடச் சற்று உறுதியானால் 'இண்டிகேட்'. மாற்று விளக்கங்களைச் சோதித்து விலக்கிய பிறகே 'டெமான்ஸ்ட்ரேட்'.

'சஜஸ்ட்' கோழைகளின் சொல் என்று நினைப்பவர்கள், 1953 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பை முன்வைத்த சிறு கட்டுரையைப் பார்க்கலாம். அதன் முதல் வாக்கியத்திலேயே அந்த வினைதான் இருக்கிறது. மரபுப்பொருள் படியெடுக்கப்படும் வழியைப் பற்றிய புகழ்பெற்ற வாக்கியத்திலும் அதே வினைதான், அதுவும் 'சாத்தியமான' என்ற அடைமொழியோடு. டி.என்.ஏ.வின் இரு இழைகள் பிரிந்து ஒவ்வொன்றும் புதிய இழைக்கு அச்சாகிறது என்பதை மெசல்சன், ஸ்டால் என்ற ஆய்வாளர்கள் சோதனையால் காட்டியது 1958-இல். 'டெமான்ஸ்ட்ரேட்' என்ற சொல் அங்கேதான் பொருந்தும்.

நம் மாணவர்கள் வினைச்சொல்லில் தடுமாறுவதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் மதிப்பெண் குறையும் என்று பழக்கிவிட்டதால், ஒரு பத்தியில் 'ஷோ', அடுத்ததில் 'ரிவீல்', அதற்கடுத்ததில் 'எக்ஸிபிட்' என்று சட்டை மாற்றுவதுபோல் மாற்றுகிறார்கள். 'ரிவீல்' என்றால் மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது என்று எழுதுபவரே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். 'எக்ஸிபிட்' ஒரு பண்பை வெளிக்காட்டும் உலோகத்துக்கோ செடிக்கோ பொருந்தும், ஆய்வாளருக்குப் பொருந்தாது.

'கிளெய்ம்' இவற்றைவிட ஆபத்தானது. இன்ஷூரன்ஸ் வழியாக நமக்குப் பழகிய சொல் என்பதால் அதில் தவறேதும் தெரிவதில்லை. ஆனால் பிறர் ஆய்வைச் சொல்லும் இடத்தில் அதைப் போட்டால், 'இவர் இப்படிச் சொல்லிக்கொள்கிறார், நான் நம்பவில்லை' என்ற தொனி வந்துவிடும். முன்னோடி ஆய்வு ஒன்றைப் பற்றி ஒரு மாணவி ஆறு இடங்களில் 'கிளெய்ம்' என்று எழுதியிருந்தார். ஆறையும் 'ரிப்போர்ட்' என்று மாற்றிவிட்டு, அப்படி யார்மீது இவ்வளவு அவநம்பிக்கை என்று அடிக்குறிப்பைப் பார்த்தேன். அவருடைய நெறியாளரின் கட்டுரை அது.