நம்ம பிண்ணாக்கு, நியூசிலாந்து மாடு

பத்தாங் பெர்ஜுந்தைக் கடையில் (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் வாயில் வருவதில்லை) நேற்று தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை அங்கிள், பொங்கலுக்குப் பசும்பால் தேடி அலைந்த கதையைச் சொன்னார். கேட்டதும் எரிச்சல்தான் வந்தது.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே வட்டாரத்தில், தென்னமரத்தில்தான் போடப்பட்டது. இன்று உலகத்துக்கே எண்ணெய் விற்கிறோம். அந்தச் செம்பனைக் கொட்டையை ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கு கப்பலேறி நியூசிலாந்துக்குப் போகிறது, அங்கே மாடு தின்கிறது, நாம் அங்கிருந்து பால்மாவு வாங்குகிறோம். நம்ம பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலை நாமே காசு கொடுத்துக் குடிக்கிறோம்!

நான் வளர்ந்த தோட்டத்தில் அப்பா நாலு மாடு வைத்திருந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து வந்து மாடு மேய்ப்பார், அந்த மாட்டுப் பால் காசில்தான் எங்கள் பள்ளிச் செலவு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மாடு செம்பனை இளங்கன்றைத் தின்கிறது என்று நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியது. சரி, தின்னத்தான் செய்யும், அதில் பொய் இல்லை. ஆனால் மரம் வளர்ந்து மட்டை மாட்டுக்கு எட்டாத உயரம் போனபிறகும் மேய்க்க விடவில்லை. மாடுகளை விற்றோம். அதே மரத்தடிப் புல்லுக்கு அம்மா முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து மருந்தடித்தார், பாராகுவாட் என்ற களைக்கொல்லி. தோம்பு ஒழுகி முதுகுச் சட்டை நனைந்தே இருக்கும், நகங்கள் வெளுத்து உடையும். அந்த மருந்தை 2020-இல்தான் நாட்டில் தடை செய்தார்கள். மாடு சும்மா தின்றிருக்கும் புல், அதைக் கொல்ல விஷத்துக்கும் கூலிக்கும் செலவு!

செம்பனை மரத்தடிக்கு மாடு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. மாட்டின் ஏப்பத்திலும் மீத்தேன் உண்டு, செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குளத்திலிருந்து வருவதும் அதே வாயுதான். ஒரே இடத்தில் மந்தையைக் கட்டிப்போட்டால் மண் இறுகிவிடும், மின்வேலி போட்டுப் பகுதி பகுதியாக மாற்றி மேய்க்க வேண்டும். இந்தப் பக்கம் ராஜா மூசா காட்டோரச் சதுப்புநிலத்தைப் பாருங்கள், கால்வாய் வெட்டி நீரை வடித்த கரிமண் (செடிகொடி மக்கிச் சேர்ந்த மண்) வெயிலில் காய்ந்து தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகையும். அப்படி இன்னொரு காட்டை அழித்துப் பண்ணை போடாதீர்கள், ஏற்கெனவே இருக்கும் மரத்தடியைப் பயன்படுத்துங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

கோழி கதையும் இதேதான். கோழி இங்கேதான் வளர்கிறது, தீனிச் சோளமோ தென்னமெரிக்காவிலிருந்து வருகிறது. 2022-இல் தீனி விலை ஏறியதும் ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியையே நிறுத்தினோம், சிங்கப்பூர்க்காரன் கோழிச் சோற்றுக்குக் கவலைப்பட்டான். தீவனம் வெளியூர்க்காரன் கையில் இருந்தால் பண்ணை நம் ஊரில் இருந்து என்ன பயன்?

இதையெல்லாம் அங்கிளிடம் மூச்சு விடாமல் கொட்டினேன். கேட்டுவிட்டு, “மாடு மேய்க்க ஆள் வேணுமே தம்பி, உன் பையன் வருவானா?” என்றார். பையன் ஷா ஆலாமில் கிடங்கு வேலை. சனிக்கிழமை வீட்டுக்கு வருவான், கேட்டுப் பார்க்கிறேன்.