ஓட்டுப் போடாதவரைத் திட்டுவதற்கு முன்னால்

ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு சதவீதம் வெளியான கையோடு ஓட்டுப் போடாதவர்களைத் திட்டும் பதிவுகளும் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதத்தைத் தாண்டியது, மத்திய சென்னையும் தென் சென்னையும் 54-ஐ ஒட்டி நின்றுவிட்டன, உடனே "படித்தவன்தான் நாட்டைக் கெடுக்கிறான்", "லீவு விட்டால் ஊட்டிக்குக் கிளம்பிவிடுகிறான்" என்று ஆரம்பித்தார்கள். நான் ஓட்டுப் போடுகிற ஆள்தான். ஆனாலும் இந்தத் திட்டில் எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

"ஓட்டுப் போட்டு என்னத்த கண்டோம்" என்று சொல்கிறவர்களை நான் ஊரில் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் சோம்பேறிகள் கிடையாது. காலையில் ஏழு மணிக்கே வரிசையில் நின்று இத்தனை வருஷமாகப் போட்டுப் பார்த்தவர்கள். எம்.எல்.ஏ.வை அடுத்த தேர்தல்வரை நேரில் பார்க்க முடியாது, எம்.பி.யைப் பற்றிப் பேசவே வேண்டாம். மிச்சம் இருப்பது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், கந்துவட்டிக் கொடுமைக்கு மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன ஒரு குடும்பமே தீக்குளித்ததே, அதற்குப் பிறகு வாசலில் போலீஸ் நின்று மனு கொண்டுவருகிற பாட்டியின் பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறது. மனு என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை, பையில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷனிடம் போய் "ஜனநாயகக் கடமை" என்று பாடம் எடுத்தால் அவர் என்ன செய்வார்?

என் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கோபம் இவ்வளவு கசந்துபோனதற்குப் பெரிய காரணம், நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்த ஒரே அரசாங்கத்தை, ஊராட்சியையும் நகராட்சியையும், வருஷக்கணக்கில் பூட்டி வைத்தார்கள் என்பதுதான். அதைப் பற்றி யாரும் பதிவு போடுவதில்லை. டிவி விவாதங்களிலும் அதிகம் கேட்டதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள், பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாக இல்லை என்று திமுக தரப்பு வழக்குப் போட்டது, உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. சரி, குறையைத் திருத்திவிட்டு இரண்டு மூன்று மாதத்தில் நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. வார்டு மறுவரையறை என்றார்கள், மேல்முறையீடு என்றார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சட்டமன்றத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்து, தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பதிலாக நிர்வாகம் பார்த்த அதிகாரிகளான தனி அலுவலர்களின் காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 27 மாவட்டங்களின் கிராமப்புறத்துக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில்தான் தேர்தல் வந்தது. மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19. அதாவது சென்னை, மதுரை, கோவை எல்லாம் ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் ஓடின.

அந்தக் காலத்துக்குள் என்னென்ன வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2018 நவம்பரில் கஜா புயல். 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியது. அப்புறம் கொரோனா, அதுவும் இரண்டு அலை, அப்போதும் நகரங்களில் தேர்தல் நடந்திருக்கவில்லை. மனுஷனுக்கு அரசாங்கம் வேண்டியிருந்த அத்தனை நேரத்திலும் வார்டில் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை.

கஜா அடித்தபோது நான் தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், எங்கள் ஊரில்தான் இருந்தேன். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்பு மொத்தமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, எந்தத் தெரு எங்கே போகிறது என்றே தெரியவில்லை. மின்கம்பங்கள் எல்லாம் முறிந்துவிட்டன, கரண்ட் வாரக்கணக்கில் வரவில்லை, மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்து மோட்டாரை ஓட்டலாம் என்று முடிவானது. ஊராட்சிப் பணத்திலிருந்து வாடகை கொடுக்க வேண்டியதுதானே? முன்பு என்றால் தலைவரும் துணைத்தலைவரும் செக்கில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. இப்போது அந்த அதிகாரம் எல்லாம் தனி அலுவலரிடம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ.விடம். ஒன்றியத்தில் இருக்கிற அத்தனை ஊராட்சிக்கும் அவர் ஒருவரே தனி அலுவலர். அத்தனை ஊரிலும் மரம் விழுந்து கிடக்கிறது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு மனுஷன் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார். சாலையெல்லாம் அடைத்துக் கிடந்ததில் அவரால் எங்கள் ஊருக்கு வரவே பல நாள் ஆனது.

அதற்குள் நாங்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து ஜெனரேட்டரைக் கொண்டுவந்துவிட்டோம். வசூலுக்குப் போனபோது தோப்பை இழந்த ஒரு பெரியம்மா, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, "ஓட்டு வாங்குனவன் எவன்டா இங்க இருக்கான், யாரைப் போயி நான் கேக்குறது" என்றார். பழைய தலைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். 2011-இல் ஜெயித்தவர், ஊரே இன்னும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடும். "இப்ப எனக்கு என்ன அதிகாரம் இருக்கு பெரியம்மா, சீல்கூட என்கிட்ட இல்ல" என்றார். அவரும் சேர்ந்துதான் மரம் அறுத்தார், பாவம்.

விழுந்த தென்னைக்கு நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், அறுத்து அப்புறப்படுத்த 500 என்று அறிவித்தார்கள். தலைமுறைக்கும் காய்க்கிற மரம் அது. அந்தத் தொகைக்காகவும் யார் தோப்பில் எத்தனை விழுந்தது என்று கணக்கு எடுக்க வந்தபோது, விட்டுப்போன பெயரைச் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட ஊர் சார்பில் ஒரு ஆள் இல்லை. அப்போது டெல்டாவில் பல இடங்களில் சாலை மறியல் நடந்ததையும், பார்வையிட வந்த அமைச்சர்களை மறித்ததையும் டிவியில் பார்த்திருப்பீர்கள். வன்முறை என்றுகூடச் சிலர் எழுதினார்கள். கேட்க வேண்டிய இடத்தைப் பறித்துவிட்டால் சாலையில்தானே உட்கார வேண்டியிருக்கும்?

ஒரு எம்.எல்.ஏ. இறந்துபோனால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மொத்த அமைச்சரவையும் அந்தத் தொகுதியில் வீடு எடுத்துத் தங்கிவிடும். ஊராட்சிக்கும் இதே மாதிரி சட்டம் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 243இ பிரிவு, ஐந்து வருஷம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. தேர்தலை இழுத்தடிக்கக் கூடாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வும் சொல்லியிருக்கிறது. ஒரு எம்.எல்.ஏ. நாற்காலி காலியானால் பதறுகிறவர்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் காலியாகக் கிடந்தபோது பதறவில்லை.

இதில் ஒரு கட்சியை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சென்னை மாநகராட்சி மன்றத்தை 1973-இல் கலைத்தார்கள், அடுத்த தேர்தல் 1996-இல். ஒரு தலைமுறையே மேயர் இல்லாமல் வளர்ந்தது. கிராமங்களில் 1970-க்கு அடுத்து 1986, அதற்கடுத்து 1996. 2016-இல் தள்ளிப் போட்டது அதிமுக ஆட்சி, எதிர்க்கட்சியாக இருந்த திமுக அதைக் கடுமையாகச் சாடியது. பிறகு அந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தபோது திமுக ஆட்சி. தேர்தல் நடந்ததா? இல்லை. மறுபடியும் தனி அலுவலர்கள். யார் வந்தாலும் இது மட்டும் மாறாது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் "எவன் வந்தா என்ன" என்ற பேச்சு ஜனங்களுக்கு வாயில் ஏறிவிட்டது.

எம்.எல்.ஏ.க்களுக்கு ஊராட்சித் தலைவர் என்றால் ஆகாது, அதுதான் விஷயம். தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் இன்னொருவர் பெயரில் போனால் இவர் எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பார்? அதிகாரி என்றால் போனில் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

ஊராட்சித் தலைவர்கள் எல்லாம் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதவியை ஏலம் விடுகிற ஊர்கள் இருக்கின்றன. மனைவி தலைவர், நாற்காலியில் கணவர் என்கிற கூத்தும் நடக்கிறது. ஆனால் திருடினால் அது ஊருக்குத் தெரிகிறது. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் போகிறோம், நம் வீட்டு இழவுக்கு அவர் வருகிறார், டேங்க் கழுவி மூன்று மாதம் ஆச்சு என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறது. அந்த உரிமை சும்மா வந்ததும் இல்லை. மேலூர் பக்கம் மேலவளவு ஊராட்சி 1996-இல் தலித்துகளுக்கான தனித் தொகுதியானது, தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து, அவரோடு இருந்தவர்களையும் சேர்த்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தலில் ஒரு தலித் தலைவர் உட்காரக் கூடாது என்று பத்து வருஷம் தேர்தலையே நடக்க விடவில்லை, 2006-இல்தான் முறையாக நடந்தது. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்த நாற்காலி அது. அதைச் சாவகாசமாக ஒரு அரசாணை போட்டுக் காலியாக வைப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

"காசு வாங்கிக்கொண்டு போடுகிறானே, அவன் கேள்வி கேட்கலாமா" என்பது அடுத்த வசை. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று தேர்தல்களையே ரத்து செய்தார்கள். சில மாதம் கழித்துத் திரும்ப நடத்தியபோது நின்ற முக்கிய வேட்பாளர்கள் யார்? அதே ஆட்கள். வாங்கியவனைக் கேவலமாகப் பேசுகிறோம், கொடுத்தவர் மாலை போட்டுக்கொண்டு மறுபடியும் வருகிறார். வருஷம் முழுக்க எதுவும் கிடைக்காது என்று தெரிந்துபோனவர், கிடைக்கிற அன்றைக்கு வாங்கிக்கொள்கிறார். அது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது அவர் இல்லை.

நோட்டா? 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. 2024-இல் இந்தூரில் இரண்டு லட்சத்துக்கும் மேல் நோட்டா விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம் மக்கள் இன்னொரு வழியைப் பார்த்தார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று 2022 முதல் கிராம சபையில் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டவர்கள், 2024-இல் தேர்தலைப் புறக்கணித்தார்கள், ஊரில் பெரும்பாலோர் வாக்குச்சாவடிப் பக்கம் போகவில்லை. இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தலைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை நாடாளுமன்றம்வரை கொண்டுபோய்ப் பெருமை பேசுகிறோம், இன்றைக்கு அந்த மாவட்டத்தில் ஒரு ஊர் கூடிச் சொல்வதை எந்தக் கல்வெட்டில் எழுதினால் கேட்பார்கள்?

எனக்கு நம்பிக்கை முழுசாகப் போகவில்லை. 2019 டிசம்பரில் இழுத்து இழுத்துத் தேர்தல் வந்தபோது, கிராமங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். எங்கள் ஊரில் திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. கொரோனாவில் எந்தத் தெருவை அடைப்பது, யார் வீட்டுக்கு அரிசி இல்லை என்று பார்த்ததும் அப்படி வந்த தலைவரும் வார்டு உறுப்பினர்களும்தான். சென்னையில் 2022-இல் தேர்தல் வந்தபோது பாதிப் பேர்கூட வரவில்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலர் என்று ஒருவரையே பார்க்காத ஊரில் அது நடக்காமல் என்ன செய்யும்?

ஆகவே வாக்கு சதவீதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும், எந்தக் கட்சி என்று பார்க்காமல், ஒன்றைக் கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தலை ஐந்து வருஷம் முடிவதற்குள் நடத்துவோம், தனி அலுவலர் காலத்தை நீட்டிக்கும் மசோதா வந்தால் எதிர்த்து ஓட்டுப் போடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா? நான் எங்கள் ஊரில் கேட்கப் போகிறேன். தேர்தல் இல்லாத நாளிலும் கிராம சபை உண்டு, குடியரசு தினம், மார்ச் 22, மே 1, சுதந்திர தினம், அக்டோபர் 2, நவம்பர் 1. தனி அலுவலர் இருக்கும் ஊரில் அன்றைக்கு அவரையே உட்காரவைத்து வரவு செலவை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள், தேர்தலை உடனே நடத்து என்று தீர்மானம் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றிய பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.