அவங்களுக்கு எதுக்கு லைசால்?

"அவ கையில நல்ல லைசாலைக் குடுத்தா ஒரே வாரத்துல ஊத்தித் தீத்துடுவா. லோக்கல் பினாயிலே போதும்." எங்கள் அபார்ட்மென்ட்டில் இதை யார் சொன்னார் என்று கேட்காதீர்கள். யார் சொல்லவில்லை என்று கேளுங்கள், பதில் சொல்வது சுலபம்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு விலை குறைந்த சாமான் வாங்கிக் கொடுப்பதா, பிராண்ட் பார்த்து வாங்கிக் கொடுப்பதா என்று லிஃப்ட்டுக்குள்ளேயே பட்டிமன்றம் நடக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. துணிமணி மேல் அவ்வளவு பாசம் இருப்பதால் வாஷிங் மெஷினுக்கு மட்டும் தனி லிக்விட், அதுவும் ஃப்ரண்ட் லோடா டாப் லோடா என்று பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். சோபாவுக்கு ஒரு ஸ்ப்ரே, டிவி திரைக்கு ஒரு ஸ்ப்ரே. ஆனால் மனுஷி கை வைக்கிற சாமான் என்றால் மட்டும் திடீரென்று சிக்கனம் வந்துவிடும்.

அந்தச் சிக்கனம் எங்கே இருக்கும் தெரியுமா? பால்கனி மூலையில், மாப்புக்குப் பின்னால், ஒரு உடைந்த பக்கெட்டுக்குள். அதில் பேர் ஊர் தெரியாத நாலு பாட்டில். ஒரு வீட்டில் நான் கண்ணால் பார்த்தது இரண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். உள்ளே இளமஞ்சளாக ஆசிட். பழைய ஆரஞ்சு ஜூஸ் லேபிள் பாதி கிழிந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். வெயிலில் விளையாடிவிட்டு வருகிற பிள்ளை ஜூஸ் பாட்டிலைப் பார்த்தால் என்ன செய்யும் என்று யோசிக்க ஒரு நிமிஷம் கூடவா கிடைக்கவில்லை? கேட்டால், "அது வேலைக்காரம்மா எடுக்கிற இடம், அவன் அங்க போகமாட்டான்" என்று பதில். நாலு வயதுக்கு எல்லைக்கோடு எல்லாம் தெரியும் போல.

2013ல் சுப்ரீம் கோர்ட் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கடிவாளம் போட்டது. வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், எதற்கு வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும், கடைக்காரர் அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும், பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு விற்கவே கூடாது. எங்கள் தெருவில் வண்டிக்காரர் மைக் வைத்து "பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடரேய்" என்று கூவிக்கொண்டு போகிறார். பதிவேடாவது ஒன்றாவது.

சரி, ஆசிட் ஏன் வேண்டும் இவர்களுக்கு? போர் தண்ணீர். எங்கள் பக்கம் வருகிற தண்ணீரில் இருக்கிற உப்புக்குக் குழாய், டைல்ஸ், ஷவர் எல்லாம் மூன்று நாளில் வெள்ளை பூத்துவிடும். அந்தக் கறை படிவது தண்ணீரால். ஆனால் திட்டு விழுவது தேய்க்கிறவருக்கு. "என்ன தேய்க்கிற, வெள்ளையா அப்படியே இருக்கு பாரு." அப்புறம் ஆசிட்டை எடுத்து அவர் கையில் கொடுப்பது. ஆசிட் உப்புக் கறையைக் கரைக்கும், உண்மைதான். கூடவே மார்பிளையும் கரைக்கும், மொசைக்கில் இருக்கிற சலவைக்கல் சில்லுகளையும் கரைக்கும், டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமென்ட்டையும் அரிக்கும், குழாயின் குரோம் பளபளப்பையும் உரிக்கும். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்குமே, அது அழுக்கு போகிற அழகு இல்லை, கல் போகிற கண்றாவி. ஆறு மாதம் கழித்துத் தரை சொரசொரவென்று ஆனதும், "அவதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுத்துட்டா." வாங்கிக் கொடுத்த மகராசிக்கு இதில் பங்கே கிடையாது.

எங்கள் வீட்டுக்கு வருகிற அக்கா காலையில் ஐந்து வீடு முடிக்கிறார். நமக்கு ஒரு பாத்ரூம், ஐந்து நிமிஷம், ஒரு பினாயில். அவருக்கு ஐந்து வீட்டுப் பினாயில், ஐந்து வீட்டுப் பவுடர், நாள் முழுக்க ஈரக் கை. நகக்கண் வெடித்துச் சிவந்திருக்கும், விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்திருக்கும். ராத்திரி மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு படுப்பாராம். மறுநாள் காலை மறுபடியும் அதே பக்கெட்.

இதற்குப் பிராண்ட் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று இன்னொரு கட்சி கிளம்பும். அவர்கள் இன்னும் மோசம், ஏனென்றால் அவர்களுக்குத் தங்கள் மேல் ஒரு பெருமை வேறு. நீல பாட்டில் ஹார்பிக்கைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், சுமார் பத்து சதவீதம். தள்ளுவண்டியில் வருகிற சமாசாரத்துக்கு அது நெருங்கிய சொந்தம்தான். வித்தியாசம் என்னவென்றால், அதில் எவ்வளவு ஆசிட் இருக்கிறது, எதோடு சேர்க்கக் கூடாது, கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நான் காசு கொடுப்பது அந்த எழுத்துக்கு. அதையும் படிக்காமல், "ரெண்டும் நல்ல கம்பெனி, சேர்த்துப் போட்டா பளிச்னு ஆகும்" என்று டாய்லெட் கிளீனரையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கொட்டச் சொல்கிற வீடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு, ஒரு சாண் வென்டிலேட்டர் இருக்கிற பாத்ரூமில். இருமிக்கொண்டே வெளியே வருகிறவரிடம், "என்ன, சளி பிடிச்சிருக்கா?" என்று விசாரணை.

விலை குறைவானது எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. பாத்திரத்துக்குச் சபீனாவும் தேங்காய் நாரும் போதும். பித்தளைக்குப் புளியை மிஞ்ச எந்தக் கம்பெனியும் பிறக்கவில்லை. தரைக்கு நல்ல இடத்தில் வாங்கிய சோப் ஆயில் தாராளமாகப் போதும். குழாயில் படிகிற உப்புக்கு வினிகரில் துணியை நனைத்து அரைமணி நேரம் சுற்றி வைத்தால் பாதி வேலை தானாக நடக்கும் (மார்பிள் பக்கம் மட்டும் வினிகரையும் கொண்டுபோகாதீர்கள்). ஆனால் அரைமணி நேரம் ஊற விட நமக்குப் பொறுமை இல்லை. அவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும், நமக்கும் பளபளக்க வேண்டும்.

வாசனைப் பைத்தியம் தனிக்கதை. பக்கெட்டுக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தால் நாலு மூடி ஊற்றச் சொல்வார்கள், வாசலுக்கு வெளியே வரைக்கும் மணக்க வேண்டுமாம். தரை பிசுபிசுவென்று ஒட்டும், காலில் அழுக்கு அப்பும், அதற்கும் திட்டு அவருக்கே. 99.9 சதவீதக் கிருமி சாகும் என்று விளம்பரத்தில் வருவது எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குச் சில நிமிஷமாவது அந்தத் திரவம் தரையில் ஈரமாக நிற்க வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. துடைத்த கையோடு ஃபேனைப் போட்டுவிட்டால் கிருமி காற்று வாங்கும், அவ்வளவுதான்.

கையுறை விஷயத்துக்கு வருகிறேன். "வாங்கிக் குடுத்தேன், அவதான் போடறதில்ல." போன வருஷம் எங்கள் அக்காவுக்கு ஒரு வீட்டில் கொடுத்த கையுறையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கைக்கே தொளதொளவென்று இருக்கும். அக்கா கை குழந்தை கை மாதிரி சின்னது. "வழுக்குதுக்கா, உள்ள தண்ணி போயி இன்னும் ஊறுது" என்றார். சின்ன சைஸ் என்று ஒன்று அதே கடையில், அதே விலைக்குத் தொங்குகிறது. தொழிற்சாலையில் ஆசிட் புழங்குகிற இடம் என்றால் ஆய்வாளர் வந்து கேள்வி கேட்பார் என்ற பயமாவது இருக்கும். நம் வீட்டு பாத்ரூமுக்கு யார் வருவார்?

இத்தனை பட்டிமன்றத்திலும் ஒருவர் கூட அந்தச் சாமானைத் தினமும் கையில் பிடிக்கிறவரிடம் எது வேண்டும் என்று கேட்டதில்லை. நான் கேட்டேன். யோசிக்கவே இல்லை, கடகடவென்று சொன்னார். எந்த வீட்டுப் பினாயில் தலைவலி தரும், எது தரையில் பிசுக்கு விடும், எந்த பவுடர் கையைப் பொத்தலாக்கும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. "கறுப்பு பினாயில் மட்டும் வேணாம்க்கா, வெள்ளை பரவால்ல." அதைத்தான் வாங்குகிறேன், அதனதன் பாட்டிலிலேயே வைக்கிறேன்.

இது லிஃப்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. "நீங்க இப்படிப் பழக்கி விடறீங்க, இப்ப எங்க வீட்டுலயும் கிளவுஸ் கேக்கறா" என்று மூன்றாவது மாடி அம்மா என்னிடம் சண்டைக்கு வருகிறார். கேட்கட்டுமே! வீட்டு வேலை செய்கிறவர்களுக்கென்று 2007லிருந்து தமிழ்நாட்டில் நல வாரியமே இருக்கிறது. இன்றைக்குக் கிளவுஸ் கேட்கிறார். நாளைக்கு வாரம் ஒரு நாள் லீவு கேட்பார், அப்புறம் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கேட்பார். இப்போதே எடுத்து வையுங்கள் அம்மா.