எழுத்தில் இல்லாத நரி

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு ஐயா பிள்ளைகளின் படப் புத்தகங்களைத் தாக்கிப் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்று நாலு நாளாக அடக்கிக்கொண்டிருந்தேன். வீடியோவை உங்களில் பாதிப்பேர் பார்த்துவிட்டீர்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். "புத்தகம் முழுக்க 32 வார்த்தை, மீதியெல்லாம் பொம்மை. படம் பார்க்கிற பிள்ளை எப்போது வாசிக்கப்போகிறது?" என்று அந்த ஐயா கேட்டதும் அரங்கமே கைதட்டியது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவர் தூக்கிக் காட்டியது நான் கொண்டுபோன புத்தகம். பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோஸிஸ் வாக்', 1968இல் வந்தது. 32 வார்த்தை என்ற கணக்கு சரிதான். ரோஸி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போரில் ஏறி இறங்கி, மாவு மில்லைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, தேனீப் பெட்டிகளுக்கு அடியில் புகுந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. எழுத்தில் இவ்வளவுதான். படத்திலோ ஒரு நரி அதன் பின்னாலேயே வருகிறது. அந்த நரியைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. எழுத்தை மட்டும் படித்தவருக்கு இது கோழி நடந்துவிட்டு வந்த கதை. படத்தையும் படித்தவருக்கு அது உயிர்தப்பி வந்த கதை. இதில் யார் முழுசாக வாசித்தவர்?

என் இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். ஜூன் மாதத்திலிருந்து வாயே திறக்காதவன். பேர் சொல்லிக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வான். இந்தப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கம் திருப்புகிறேன், மாவு மில் வந்ததும் எழுந்து வந்து படத்தில் விரலை வைத்தான். "டீச்சர், கயிறு கோழி கால்ல மாட்டியிருக்கு." அதற்கு முன் பத்துத் தடவையாவது அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பேன். மேலே தொங்கும் மூட்டையின் கயிறு கோழியின் காலில் சுற்றியிருப்பது என் கண்ணில் பட்டதே இல்லை. அடுத்த பக்கத்தில் நரி மேல் மாவு கொட்டுவது ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன். கோழி நடக்கிறது, கயிறு இழுபடுகிறது, மாவு கொட்டுகிறது. ஒரு மெல்லிய கோட்டில் காரணம் இருந்தது. அவன் அதை வாசித்தான். பதினாறு வருடமாகப் பாடம் நடத்தும் நான் வாசிக்கவில்லை.

படமெல்லாம் வெறும் அலங்காரம் என்பதுதான் கூட்டத்தில் பேசிய அந்த ஐயாவின் வாதம். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுத, கிளெமென்ட் ஹர்ட் வரைந்த 'குட்நைட் மூன்' 1947இல் வந்தது. ஒரு முயல்குட்டி தூங்கப்போகிறது, அவ்வளவுதான் கதை. அந்த அறையிலிருக்கும் கடிகாரம் முதலில் 7 மணி காட்டும், கடைசியில் 8:10. ஜன்னலில் நிலா மெல்ல ஏறும். சுண்டெலி பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறும். நேரம் ஓடியதை எழுத்து சொல்வதே இல்லை. மணி பார்க்கத் தெரியாத பிள்ளையும் அதைக் கண்டுபிடிக்கிறது. இதை அலங்காரம் என்று எப்படிச் சொல்ல மனசு வருகிறது?

எங்கள் அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்த நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் எனக்கு ஒரு ருஷ்யப் புத்தகம் வாங்கித்தந்தார். கதை இன்று ஒரு வரிகூட நினைவில்லை. மேசை மேல் இருந்த பளபளப்பான பாத்திரம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடியில் ஒரு குழாய், உச்சியில் ஒரு டீ கெட்டில். "இது என்னம்மா?" என்றேன். "நம்ம டீக்கடை பாய்லர் மாதிரி ஏதோ" என்றாள் அம்மா. அதன் பெயர் சமோவார் என்று தெரிய எனக்குப் பல வருடம் ஆனது. ஆனால் பனி கொட்டும் ஊரில் வீட்டுக்குள் எல்லோரும் ஏன் அந்தப் பாத்திரத்தைச் சுற்றி உட்காருகிறார்கள் என்பது எட்டு வயதிலேயே புரிந்துவிட்டது.

சொல்வளம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். அன்று என் வகுப்பில் சறுக்கியது, தடுக்கியது, கவிழ்ந்தது, பதுங்கியது எல்லாம் வந்தன. ஒன்றும் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எழுத்தில் இல்லாத நரிக்குப் பிள்ளைகள்தான் சொல் தேட வேண்டியிருந்தது. இது புது மோகம் என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: செக் கல்வியாளர் கொமேனியஸ் பிள்ளைகளுக்காகப் படமும் எழுத்தும் சேர்த்து ஜெர்மனியின் நூரெம்பர்க்கில் புத்தகம் போட்டது 1658இல். விலை அதிகம் என்பது உண்மை. வண்ண அச்சு என்றால் செலவுதான், நூலகங்கள் வாங்க வேண்டும். அதற்காகப் படமே வேண்டாம் என்பதா?

படம் வரைவது யோசிக்கத் தெரியாதவர் வேலை என்ற எண்ணம்தான் இதற்கெல்லாம் அடியில் இருக்கிறது. கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம் லண்டனுக்குப் போய்வந்து வரைந்ததை 2004இல் நம் சென்னையின் தாரா புக்ஸ் பதிப்பகம்தான் புத்தகமாகக் கொண்டுவந்தது. பிக் பென் மணிக்கூண்டைச் சேவலோடு சேர்த்து வரைந்திருப்பார். ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே. பூமிக்கடியில் ஓடும் ரயில் அவருக்கு மண்புழு. இதைச் சொல்ல ஒரு கட்டுரையாளருக்கு நாலு பக்கம் வேண்டும்.

ஏழாம் வகுப்பில் என் அறிவியல் நோட்டில் தவளை வரைந்திருந்தேன், விரலிடைச் சவ்வு வரைக்கும். "படம் போடவா வந்த, படிக்க வந்தியா?" என்று அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கைதட்டலில் எனக்குக் கேட்டது அந்தக் காகிதம் கிழிந்த சத்தம். சும்மா ஒரு கருத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்டவர்களே, அது சும்மா கருத்து இல்லை. வீடியோ பார்த்த இரண்டு பெற்றோர் பள்ளிக்கு வந்து பேசினார்கள். செவ்வாய்க்கிழமை படப் புத்தகங்கள் பீரோவுக்குள் போய்விட்டன. பரீட்சை முடியட்டும் என்கிறார்கள்.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிவிட்டு அந்தப் பையன் வந்து நின்றான். பாட நேரம் இல்லாதபோது தானாக வந்து பேசியது இதுதான் முதல் தடவை.

"டீச்சர், நரிப் புத்தகம் எங்க?"

அந்தப் புத்தகத்தின் தலைப்பிலும் கோழியின் பெயர்தான் இருக்கிறது.