சென்னை வானொலி 1938-இல் தொடங்கியதா?

சென்னையில் வானொலி 1938-இல் அகில இந்திய வானொலி வந்த பிறகுதான் தொடங்கியது, அதற்கு முன் எதுவும் இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது சரிதான். ஆனால் ஒலிபரப்பு அதற்குப் 14 ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியில் உருவான சென்னை மாகாண ரேடியோ கிளப், 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. ஒலியை அலைகளாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் திறன் வெறும் 40 வாட். முன்பு வீடுகளில் எரிந்த ஒரு குண்டு பல்பின் அளவுதான்! பணம் கட்டுப்படியாகாமல் 1927-இல் கிளப் நின்றது. அப்புறம் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு 1930 ஏப்ரல் முதல் நடத்தியது. வீட்டில் ரேடியோ பெட்டி இல்லாதவர்கள்கூடக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் வைத்த ஒலிபெருக்கிகளில் கேட்டார்கள்.

சரிபார்ப்பது எளிது. அகில இந்திய வானொலி தன் இணையதளத்தில் தந்திருக்கும் வரலாற்றுக் குறிப்பிலேயே 1924-ஆம் ஆண்டு ரேடியோ கிளப் இடம்பெற்றிருக்கிறது. நேரில் பார்க்க விரும்பினால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 1930-ஐ ஒட்டிய மாநகராட்சி ஆண்டறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். பகிர்ந்தவர்கள் 1938-ஐ 'அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிய ஆண்டு' என்று மாற்றினால் போதும்.