ஹோஸ்டில் நிறுவியது குரூட்டுக்குள் தெரியாது

எல்எஃப்எஸ் (லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்) என்பது மூலக் குறியீட்டிலிருந்து ஒரு லினக்ஸை நீங்களே கட்டும் முறை; கட்டுவதற்குப் பயன்படுத்தும் லினக்ஸ்தான் ஹோஸ்ட். ‘மேக்இன்ஃபோ (டெக்ஸ்இன்ஃபோ என்ற ஆவணத் தொகுப்பில் வரும் கட்டளை) இல்லை என்று பிழை வந்தால், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஹோஸ்டில் டெக்ஸ்இன்ஃபோ நிறுவினால் போதும்’ என்ற பதில் பாதிதான் சரி. குரூட்டுக்குள், அதாவது வேறொரு டைரக்டரியையே ரூட்டாக மாற்றிக் காட்டும் சூழலுக்குள், போகும் முன்பு அது வேலை செய்யும். போன பிறகு செய்யாது. அங்கே ரூட் என்பது நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் எல்எஃப்எஸ் பார்ட்டிஷன்தான்; ஹோஸ்டின் யூஎஸ்ஆர், பின் டைரக்டரிகள் எதுவும் கண்ணுக்கே தெரியாது. டெக்ஸ்இன்ஃபோவை மூலக் குறியீட்டிலிருந்து உள்ளேயே கட்ட வேண்டும்.

ஹோஸ்டிலிருந்து மேக்இன்ஃபோவை காப்பி செய்யலாமே என்றால், தயவுசெய்து வேண்டாம். அது ஹோஸ்டின் லைப்ரரிகளைத் தேடும்.

இன்னொரு குழப்பம்: ஃபைல் கண்ணெதிரே இருக்கும், ஓட்டினால் ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று வரும். குரூட் கட்டளையே பேஷ் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) இல்லை என்று சொல்வதும் பெரும்பாலும் இதுதான். உண்மையில் காணாமல் போனது அந்த பைனரி (கட்டிமுடித்த நிரல் ஃபைல்) கேட்கும் டைனமிக் லோடர், அதாவது அதற்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றிக்கொடுக்கும் நிரல். ஹோஸ்டிலிருந்து ரீட்எல்ஃப் கட்டளையை மைனஸ் எல் (சிறிய எழுத்து) கொடுத்து அந்த பைனரி மேல் ஓட்டுங்கள். ‘இன்டர்பிரட்டர்’ என்ற வரியில் லோடரின் பாதை இருக்கும். அந்தப் பாதையில் ஃபைல் உண்டா, சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) உடைந்திருக்கிறதா என்று எல்எஃப்எஸ் பார்ட்டிஷனுக்குள் பாருங்கள். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் லிப்64 டைரக்டரியை உருவாக்கும் படியை விட்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.