நாப்பது பேரு முன்னாடி ஒரு மூளை, குழாயடில வேற மூளை

நேத்து ஸ்டாஃப் ரூம்ல ஒரே பஞ்சாயத்து. "இந்த காலத்து பசங்களுக்கு மரியாதையே கெடையாது சார்"னு ஒருத்தர் ஆரம்பிச்சாரு, போன வருஷம் வரைக்கும் நானும் அதே பாட்டத்தான் பாடினு இருந்தேன், அதனால வாயத் தொறக்கல.

காசிமேடு பக்கம் ஒம்போதாங்கிளாஸ் கணக்கு எடுக்கறேன். போன வருஷம் கடைசி பெஞ்சுல ஒரு பையன், அப்பா போட்ல போறவரு. ஹோம்ஒர்க் எங்கடான்னேன், "வூட்ல கீது சார்"ன்னான். "மூளையும் வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா"ன்னு கேட்டுட்டேன். கிளாஸே சிரிச்சுது. கைல இருந்த காம்பஸ பெஞ்சுல நச்சுனு ஒரு குத்து, "இன்னா சார் இப்போ?"ன்னு எழுந்து நின்னுட்டான். நான் கத்த அவன் கத்த, பீரியட் காலி. மத்தியானம் குழாயடில தனியா தட்டு கழுவினு இருந்தான். நான் ஒண்ணும் கேக்கறதுக்குள்ள, தட்டைப் பாத்துகினே "சாரி சார், அல்லாரும் சிரிச்சிட்டானுங்க"ன்னான்.

அப்புறம்தான் இதப்பத்தி தேடித்தேடி படிச்சேன். அமெரிக்கால ஸ்டெய்ன்பெர்க், கார்ட்னர்னு ரெண்டு பேரு 2005ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க, 306 பேர கம்ப்யூட்டர்ல கார் ஓட்ட வுட்டாங்க, மஞ்ச சிக்னல் வுழுந்ததும் நிறுத்தறியா இல்ல இன்னும் கொஞ்ச தூரம் போய் மோதிக்கிறியா, அதான் கேம். ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல நின்னதும் 13-16 வயசு பசங்க ரிஸ்க் எடுக்கறதுல எகிறிட்டாங்க, 24க்கு மேல உள்ளவங்க கிட்ட யாரு நின்னாலும் பெருசா மாத்தமில்ல. 2011ல ஸ்கேன்லயும் பாத்துட்டாங்க, ஃப்ரெண்டு பாக்கறான்னு தெரிஞ்சாலே போதும், மூளைல பரிசு கெடைச்சா குஷியாகற எடம் இந்த வயசுல கூடுதலா வேலை செய்யுது. பிரேக் போடற முன்பக்க மூளை முழுசா பழுக்க இருபத்தஞ்சு வயசு கிட்ட ஆவும். ஆக அவனுக்கு தப்புன்னு தெரியாம இல்ல, நாப்பது பேரு பாக்கறச்சே அது வேலைக்கு ஆவல. அந்த நாப்பது பேர கூட்டி வெச்சி டிக்கெட் கிழிச்சது நான்.

(காலைல ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெக்கறது தனிக்கொடுமை. இந்த வயசுல தூக்க ஹார்மோனே லேட்டாத்தான் சுரக்கும். கலிபோர்னியால 2022லேர்ந்து ஹைஸ்கூல் எட்டரைக்கு முன்னாடி தொறக்கக் கூடாதுன்னு சட்டமே கீது. இங்க சொன்னா சிரிப்பாங்க.)

அதே பையன் சாயங்காலம் தெருவுல கேரம் ஆடறத பாத்தேன். சுத்தி பத்து பேரு. ஸ்ட்ரைக்கர் பாக்கெட்ல வுழுந்துச்சு, ஒரு காயத் தூக்கி திரும்ப போர்டுல வெச்சான், மொறைக்கல, கத்தல. யாரும் அவன் மூளைய இழுக்கவும் இல்ல. தப்புக்கு விலை உண்டு, மானம் போவல.

இப்ப ஹோம்ஒர்க் இல்லன்னா பெஞ்சு கிட்ட போயி "சாப்ட்டு குழாயடிக்கு வா"ன்னு காதுல சொல்லிட்டு வந்துடுவேன். அங்கயே ரெண்டு கணக்கு, ஸ்லேட்டு மாதிரி ஈரத்தரைல வெரலாலயே. போர்டுல போடணும்னா ஜோடி ஜோடியாத்தான் அனுப்பறது, தப்பானா ரெண்டு பேருதும் தப்பு.

"அப்ப நாப்பது பேரையும் குழாயடிக்கு இட்டுனு போவியா?"ன்னு, இன்னிக்கி நான் இதெல்லாம் சொன்னதும் ஸ்டாஃப் ரூம்ல அதே சார் கேட்டாரு. இல்ல சார், வாரத்துக்கு ரெண்டு மூணு பேருதான் வரானுங்க.